மான்கொம்புப் பிடி போட்ட இரண்டு கத்திகள்

கத்தியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நான் லேசில் எழுந்திருக்க மாட்டேன். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நீங்கள் கேட்காமலேயே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிவாள், சூரிக்கத்தி எல்லாம் வேறு சங்கதி. நான் சொல்வது மடக்குக் கத்தி. காலையில் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கிளம்பினால் படுக்கும்வரை கூடவே இருக்கிற சாமான். அப்படி இரண்டு கத்திகளை என் வாழ்க்கையில் நன்றாகத் தெரியும். ஒன்று என்னுடையது, எஃகு. இன்னொன்று என் அக்கா புருஷனுடையது, பித்தளை.

எஃகை முதலில் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வியாபாரி வந்து நின்றால் மூடையின் வாய்த் தையலை அறுத்து, ஒரு கை மிளகாய் வத்தலை அள்ளி வெளிச்சத்தில் விரித்துக் காட்டவேண்டும். தும்மாமல் காட்டவேண்டும், அதுதான் கஷ்டம். முதல் கொஞ்ச நாள் கடையிலிருந்த துருப்பிடித்த கத்தியை வைத்துச் சணலோடு மல்லுக்கட்டினேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து திரும்பி வந்த ஒருவர் சின்னதாகக் கடை போட்டிருந்தார். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கத்தியைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மான்கொம்புப் பிடி. உள்ளங்கைக்குள் அடங்குகிற நீளம். அலகில் முகம் பார்க்கலாம். நகம் வைத்து இழுக்க அதில் ஒரு சின்னப் பள்ளம். இழுத்தால் பாதித் தூரம்வரை வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாதியைத் தாண்டிவிட்டால் தானாகவே பாய்ந்து 'டக்'கென்று நிமிர்ந்து நிற்கும். பாதிக்கு முன்னால் கையை விட்டால் அதே வேகத்தில் உள்ளே திரும்பி 'டக்'கென்று மூடிக்கொள்ளும். "உள்ள ஸ்பிரிங் இருக்கு" என்றார் கடைக்காரர். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே வாங்கினேன். சணல் தையலில் வைத்தால் அழுத்தவே வேண்டாம், கத்தியின் கனமே அறுத்துவிடும். மனுஷக் கையால் இப்படி ஒரு பொருளைச் செய்ய முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் வத்தலைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். என் முதலாளிக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

அக்காவைச் சிவகாசிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பட்டாசுக்குள் போகிற பொடியை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். அதை அளந்து கலக்குகிற ரூம் தனியாக, மற்ற ரூம்களுக்குத் தள்ளி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் கலக்கி முடித்துவிட வேண்டும் என்பதால் அத்தான் இருட்டோடு கிளம்பிப் போய்விடுவார். சாயங்காலம் அவர் திரும்புகிற நேரத்துக்கு அக்கா வாசலில் நிற்கமாட்டாள். நின்றால் பயந்துகொண்டு நிற்கிறாள் என்று ஆகிவிடும். அடுப்படியில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு காதை மட்டும் தெருவில் வைத்திருப்பாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டபிறகுதான் அவள் மூச்சு சீராகும். தினமும் அப்படித்தான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஊரில் எனக்குப் பிடிபடாத ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனிக்குப் போகிற ரோட்டில் யாரும் ஓடமாட்டார்கள். புதிதாகப் போயிருந்தபோது நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே, இந்த ரோட்டுல ஓடாத. பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அக்கா பிறகு விளக்கினாள். ஒரு ஆள் ஓடினால் கம்பெனியில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் போட்டது போட்டபடி கிளம்பிக் கம்பெனி கேட் வாசலில் வந்து அழத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டால் மருந்தில் கை வைத்திருக்கிறவனுக்குக் கை பதறும். ஒன்றும் ஆகாத இடத்தில் அதனாலேயே ஆகிப்போகும். "அதனால இங்கன எல்லாரும் நடந்துதான் போவோம்" என்றாள்.

அத்தானின் கத்தியை அந்த வீட்டில்தான் பார்த்தேன். பார்த்ததும் சிரித்தேன். பாத்திரம் அடிக்கிற கன்னாரிடம் சொல்லிப் பழைய பித்தளைத் தகட்டில் அடித்த அலகு, வேலங்கட்டையில் பிடி. ஸ்பிரிங் கிடையாது, தறையாணியைச் சுற்றித் தொளதொளவென்று திறக்கும். கம்பெனிக்குள் இரும்பு போகக்கூடாது. ஆணி அடித்த செருப்புகூட கேட்டுக்கு வெளியேதான். இரும்பு கல்லில் பட்டாலும் இரும்பில் பட்டாலும் பொறி வரும், பித்தளையில் வராது. கந்தக மூடையைப் பிரிக்க, திரிக்கட்டை அறுக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பித்தளைதான். காரணம் எல்லாம் சரி. ஆனாலும் அது கத்தி மாதிரியே இல்லை என்று நான் அவரிடம் சொன்னேன்.

"ஒம்ம கத்தியைக் காட்டும் மாப்பிள, பாப்போம்" என்றார்.

காட்டினேன். திறந்து மூடிக் கேட்டார். இன்னொரு தடவை திறந்து மூடினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டையும் ஒழுங்காகப் போட்டிக்கு விட்டது ஒரு ஆடி வெள்ளிக்கிழமை, இருக்கன்குடியில். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுமணலில் வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தோம். பொங்கல் கொதிக்கிற நேரம். அத்தான் வண்டிக் கயிற்றில் இரண்டு துண்டு எடுத்துப் போட்டார். என் கத்தி ஒரே இழுப்பில் அறுத்தது. அவருடையது ரம்பம் போட்ட மாதிரி போய்வந்து, போய்வந்து, பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தபிறகு ஒருவழியாக அறுந்தது. கரும்பைச் சீவிப் பார்த்தோம். வெற்றிலைக் காம்பை நறுக்குகிறதில்கூட பித்தளை தோற்றது. அத்தான் தோற்கத் தோற்கச் சிரித்தார், அதுதான் அந்த மனுஷன். எலுமிச்சம்பழத்தில் மட்டும் அக்கா குறுக்கே வந்தாள். நான் பழத்தை அறுத்துவிட்டுத் துடைக்க மறந்ததில் என் கண்ணாடி அலகில் கறுப்பாகக் கறை படிந்துவிட்டது. அவருடையதைப் புளி போட்டு மணலில் ஒரு தேய்ப்புத் தேய்த்து நீட்டினாள், தங்கம் மாதிரி மின்னியது.

"அழகுக்கு இது போதும்லா" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குப் புருஷன் தோற்றது பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதற்காக என் கத்தியை விட்டுக்கொடுக்க முடியுமா? அன்றைக்கு முழுவதும் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு என் கத்தியின் பிடிமேல் ஆசை விழுந்துவிட்டது. அலகு பித்தளையாகவே இருக்கட்டும், பிடியாவது இந்த மாதிரி இருந்தால் கையில் நிற்கும் என்றார். அவர் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததேயில்லை. அவர் கத்தியை விருதுநகருக்குக் கொண்டுபோய் எனக்குத் தெரிந்த ஒரு கொம்பு வேலைக்காரரிடம் கொடுத்தேன். மாதிரிக்கு என் கத்தியையும் விட்டுவிட்டு வந்தேன். அவர் செய்து கொடுத்ததைப் பார்த்து அசந்துபோனேன். இரண்டையும் மடக்கி வைத்தால் எனக்கே எது எதென்று தெரியவில்லை. அத்தான் வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் கேட்டில் வாட்ச்மேன் மடியைத் தடவிப் பார்க்கும்போது மான்கொம்புப் பிடியை எடுத்துக் காட்டுவாராம். அவரும் 'போங்க' என்று தலையாட்டுவாராம்.

இனிச் சொல்லப்போவது அதற்குப் பிறகு வந்த தீபாவளி சீசனில் நடந்தது. அக்காவுக்குத் துணிமணி கொடுக்கப் போனவன் அங்கேயே தங்கினேன். படுக்கப் போகும்போது அத்தான் கத்தியை விளக்கு மாடத்தில் வைத்தார், நானும் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

நான் எழுந்தபோது விடிந்திருந்தது. அத்தான் போய் வெகுநேரம். பல் விளக்க வேப்பங்குச்சி ஒடித்தேன். நுனியைச் சீவலாம் என்று மாடத்திலிருந்து கத்தியை எடுத்து, நகத்தை வைத்து இழுத்தேன். தொளதொளவென்று வந்தது. அலகு மஞ்சளாக இருந்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த சட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"நான் போறேன்" என்று நான் விருதுநகரிலிருந்து மிதித்து வந்திருந்த சைக்கிளை எடுத்தேன்.

அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, மெல்லப் போ. எப்பவும் போற மாதிரி மிதி. நீ பறந்தா ஊரு பறக்கும். ஒங்க அத்தான் கை பதறக் கூடாது." அவள் குரல் உயரவில்லை.

அந்த மூன்று மைலை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் கால்கள் பறக்கத் துடித்தன. எதிரில் புல்லுக்கட்டோடு வந்தவர் "என்ன, காலையிலேயே கிளம்பிட்டீக?" என்று விசாரித்தார். "சும்மாதான்" என்றேன். டீக்கடையைத் தாண்டும்போது, முன்பு என் சட்டையைப் பிடித்து நிறுத்திய ஆள் கையை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன். காது மட்டும் கம்பெனி இருந்த திசையில் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் வெடிச் சத்தம் கேட்டுவிடுமோ, கேட்டுவிடுமோ என்றிருந்தது. இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் தினமும் இப்படித்தான் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்டில் வாட்ச்மேனிடம் உள்ளங்கையை விரித்துப் பித்தளை அலகைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். காலையில் அத்தான் எடுத்துக் காட்டிய மான்கொம்புப் பிடி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"செருப்பைக் களட்டு. என் பின்னாலயே வா. பேசாத."

மணல் பரப்பிய பாதையில் இரண்டு பேரும் நடந்தோம். இரண்டு பக்கமும் ரூம்கள். வராந்தாவில் பெண்கள் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வாட்ச்மேனும் சிரித்தார். கலக்குகிற ரூம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் என் தோளை அழுத்தி நிறுத்தினார்.

ரூமிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தார். சும்மா நடந்து வந்தார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் திரும்பி நின்று வாசலையே பார்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொருவர் வந்தார். அவரும் அப்படியே நின்றார்.

உள்ளே நடந்ததை அத்தான் பிறகு சொன்னார். முந்தின நாள் பிரித்த மூடை தீர்ந்து, புதுக் கந்தக மூடையைப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் கத்தியை எடுத்து அலகை இழுத்திருக்கிறார். பித்தளை வழுவழுவென்று வரும், இது வரமாட்டேன் என்றிருக்கிறது. குனிந்து பார்க்கவே இல்லையாம், விரலுக்கே தெரிந்துவிட்டதாம். அலகு பாதிக்குச் சற்று முன்னால் நிற்கிறது. விட்டால் இரும்பு இரும்பில் மோதி மூடும். இழுத்தால் இரும்பு இரும்பில் மோதித் திறக்கும். மெல்லப் பிடித்து மூடியிருக்கலாமே என்பீர்கள். விரலெல்லாம் மாவு போன்ற மருந்து, வழுக்குகிறது. பொடி அந்த மூட்டுக்குள்ளும் போயிருக்குமோ என்னவோ. சுற்றி முறத்திலும் தரையிலும் காற்றிலும் மருந்து. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அலகை அப்படியே கவ்விப் பிடித்துக்கொண்டு, கூட இருந்தவர்களிடம் எப்போதும் போன்ற குரலில் சொல்லியிருக்கிறார், "நீங்க ரெண்டு பேரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க." அந்த நேரத்தில் அந்த ரூமிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்கப் போகமாட்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் போய் வாசல் தாண்டியபிறகுதான் அடுத்தவர் எழுந்தார்.

அப்புறம் அத்தான் வந்தார்.

வலது கையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார். இடது கை அதன்மேல் கூண்டு மாதிரி மூடியிருந்தது. நிறைகுடம் தூக்கி வருகிற நடை. வாசற்படியில் காலை வைத்து, அடுத்த காலை எடுத்து வைத்து, மணலில் இறங்கினார். எங்களைப் பார்த்தாரா என்று தெரியாது. அவர் கண் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. ஒவ்வொரு ரூமுக்கும் பக்கத்தில் அப்படி ஒரு தொட்டி உண்டு. அதுவரைக்கும் அவர் நடந்த நடையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அம்மன் சன்னதியில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை. நான் விருதுநகர் முழுக்கக் காட்டிப் பெருமையடித்த ஸ்பிரிங் அவருடைய இரண்டு விரலுக்குள் திமிறிக்கொண்டிருந்தது. விரல் அசையவில்லை.

தொட்டியில் முழங்கைவரை கையை விட்டார். பிறகு விரலைத் திறந்தார். தண்ணீருக்குள்ளிருந்து மொட்டையாக ஒரு 'டக்'. அவ்வளவுதான்.

அது வெளியே சத்தம் போட்டிருந்தால் பொறி வந்திருக்குமா, வந்து பிடித்திருக்குமா என்று பிற்பாடு விருதுநகரில் பலபேர் என்னிடம் வாதாடினார்கள். அந்தச் சின்ன இரும்பிலா என்று சிரித்தவர்களும் உண்டு. அந்த ஊரில் ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பித்தளைக் கத்தியை நீட்டினேன். அத்தான் வாங்கித் திறந்து பார்த்தார். மஞ்சள் அலகைக் கட்டைவிரலால் தடவிவிட்டு இடுப்பில் செருகினார். "நல்லவேளை, நீரு ஓடி வரலை மாப்பிள" என்றார். எது நல்ல கத்தி என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் போட்டி போட்டதில்லை. என் எஃகுக்கு நிகராக ஒரு கத்தி கிடையாது, அது இன்றைக்கும் என் கட்சி. ஆனால் அந்த மழுங்கல் பித்தளையைக் கையில் எடுத்தால் என் தலை தானாகக் குனிகிறது.

வாட்ச்மேன் அவரை உடனே வேலைக்கு விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் உட்காரச் சொன்னார். குழாய் உருட்டுகிற பெண்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்நேரத்தில் மருந்துக்காரர் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

அப்போது ரோட்டில் அக்கா வருவதைப் பார்த்தேன். தலை வாரி, சேலையை ஒழுங்காகக் கட்டி, கையில் தூக்குவாளியோடு, புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவளாக நடந்து வந்தாள். ஒரு எட்டுகூட வேகமாக வைக்கவில்லை. நான் சைக்கிளில் வந்த தூரம் முழுவதையும் அப்படியே நடந்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, இந்நேரத்துக்கு வந்துருக்கீக?" என்றாள் வராந்தாவிலிருந்து ஒருத்தி.

"கஞ்சி குடிக்காம வந்துட்டாக" என்றாள் அக்கா.

அத்தான் எழுந்து போனார். தூக்குவாளியை வாங்கி மூடியைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து வந்திருக்கிறாள். வாளியின் அடி காய்ந்து பளபளவென்று இருந்தது.

அத்தான் அதை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. வராந்தாப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வாளியை அவளிடம் நீட்டினார்.

"இம்புட்டுப் போதும். உள்ள வேலை கெடக்கு. மிச்சத்தைச் சாயங்காலம் வந்து குடிச்சுக்கிடுறேன், வச்சிரு."

"சரி" என்றாள். மூடியை அழுத்திப் போட்டு, வாளியைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, வந்த ரோட்டிலேயே திரும்பி நடந்தாள்.